தீபம் பார்க்காமல் கிளம்பியவர்கள்

மாலை ஐந்து ஐம்பது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவில் இருப்பதற்குக் காரணம் உண்டு. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று ஆறு மணி ஆகும்வரை யாரும் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. மலையில் ஜோதி தெரிந்த பிறகுதான் வீட்டில் அகல் ஏற்றுவோம். அதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, எங்கள் மொட்டை மாடியில், என் மகளின் விடுதித் தோழிகள் ஆறு பேரும் ஒரே குரலில் இரண்டு வார்த்தை கத்தினார்கள். அந்த இரண்டு வார்த்தையில் அவள் படிப்பு அந்தரத்தில் நின்றுபோனது.

அவள் வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள்தான். நான் நகராட்சி ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. எஸ்.எஸ்.எல்.சி.யும் ஆசிரியப் பயிற்சியும்தான் என் படிப்பு. என் மகளாவது பட்டம் வாங்கட்டும் என்று வீட்டில் மாதக்கணக்கில் சண்டை போட்டு அனுப்பினேன். அனுப்பிவிட்டேனே தவிர நிம்மதி இல்லை. அவளை வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தால், இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று நானே முடிவு செய்துகொள்ளும்வரை எனக்குச் சோறு இறங்காது. ரோடு, லாரி, தனியாகப் போகும் பெண் பிள்ளை, இவற்றை நினைத்துத்தான் பயந்தேன். ஆபத்து எங்கள் வீட்டு மாடியிலேயே, கையில் சுண்டலோடு உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விடுதியில் அவளும் இந்த ஆறு பேரும் மாடிக் கோடியில் இருந்த பெரிய அறையில் இருந்தார்கள். தங்களை ‘கோடி வூடு’ என்று சொல்லிக்கொள்வார்களாம். ஒருத்தி உடை இன்னொருத்தி மேல் இருக்கும், ஒருத்தி வீட்டு ஊறுகாய் எல்லோர் தட்டிலும் இருக்கும். புதிதாக ஒரு பெண் அந்த அறைக்கு வந்தால், முதல் சனிக்கிழமை தன் வீட்டைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். யாரும் சிரிக்கவில்லை என்றால் ஒரு வாரம் எல்லோருக்கும் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். என் மகள் ஒருநாளும் தண்ணீர் பிடித்ததில்லை. அவள் சொல்லத் தொடங்கினால் பக்கத்து அறைப் பெண்களும் தலையணையோடு வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். இதையெல்லாம் லீவுக்கு வரும்போது அவளே பெருமையாகச் சொல்வாள். சொன்னதை எழுது, எழுது என்று அவர்கள் நச்சரித்து, அப்படித்தான் கதை எழுத வந்தாள். அந்த வருஷம் கல்லூரி ஆண்டு மலரில் ஒரு கதை அச்சாகியிருந்தது. தீபத்துக்கு வரும்போது ஒரு பிரதி கொண்டுவந்து பெட்டியில் வைத்திருந்தாள்.

“கூட்டமெல்லாம் போவட்டும்மா, அப்புறம் நிதானமா படி” என்றாள்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். தீபத்துக்கு எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. உறவு, உறவின் உறவு, அவர்களோடு பஸ்ஸில் பேசிப் பழகியவர்கள் என்று வந்து இறங்குவார்கள். எல்லோருக்கும் முன்னால், மூன்று நாள் இருக்கும்போதே, செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் கணவரின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்துவிடுவார்கள். என் மகளுக்கு அத்தை, மாமா. அவர்கள் மகனுக்கு என் மகள் முறைப்பெண். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ‘பி.ஏ. முடியட்டும்’ என்று நான் தள்ளிக்கொண்டிருந்தேன்.

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணியிடம் ஒரு பழக்கம். எதை முன்னால் வைத்தாலும், கையில் எடுத்து, வாயில் போடுவதற்கு முன்பே ‘உப்பு கம்மி’ என்பார். எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிறேன். முதல் சில வருஷம் அழுதேன். பிறகு பழகிவிட்டது.

தோழிகள் ஆறு பேரும் அன்று மத்தியானம்தான் வந்தார்கள். பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டதால் நடந்து வந்து, களைத்துப்போய், சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். அண்ணி கோயிலுக்குப் போயிருந்தார். அதனால் அவர்கள் அண்ணியைப் பார்த்ததே மாடியில்தான். பாய் விரித்து, பொரி உருண்டையும் சுண்டலும் வைத்திருந்தேன். எங்கள் ஆட்களோடு அக்கம்பக்கத்தாரும் ஏறியிருந்தார்கள். யார் யார் என்று ஒவ்வொருவரையும் யார் சொல்லிக்கொண்டிருப்பது?

“இந்தா அத்தே” என்று என் மகள் நீட்டிய தொன்னையிலிருந்து அண்ணி நாலு கடலையை எடுத்தார். கை வாய்க்குப் பக்கத்தில் போனது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஆறு பேரும் கத்தினார்கள்.

“உப்பு கம்மி!”

மாடியே திரும்பிப் பார்த்தது. முதலில் சிரித்தது என் கணவர். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், வீட்டிலும் அதிகாரி மாதிரிதான் இருப்பார். அவர் அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து நான் பார்த்ததில்லை.

அண்ணிக்குக் கோபம் வரவில்லை. “இன்னாடி இது, எல்லாம் சேந்து இந்தக் கத்து கத்தறீங்க?” என்றார்.

கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, “அத்தே, எங்க ஹாஸ்டல்ல உங்களத் தெரியாதவங்களே கெடயாது. லெக்சர் நல்லா இல்லன்னா உப்பு கம்மி. சினிமா நல்லா இல்லன்னா உப்பு கம்மி. எங்க வார்டன் சிரிச்சாக்கூட உப்பு கம்மிதான்” என்றாள்.

“நானு அவ்ளோ பெரிய ஆளாயிட்டனா? அப்ப எலக்சன்ல நிக்கலாம்னு சொல்லு.”

அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. முகத்தில் தெரிந்தது. பேச்சு அதோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அந்த ஆறு பேரில் சின்னவள், இளகிய மனசுக்காரி, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆனா எனக்கு இவ எழுதன கதையில அந்தக் கடைசி எடம் படிச்சி அழுகையே வந்துடுச்சி அத்தே. பதினாறு வயசுல, கல்யாணம் ஆயி வந்த புதுசுல, பந்தியில அத்தன பேரு எதிர்ல உப்பு இல்லன்னு சொல்லி, சோத்தோட எலைய வாரி உங்க மூஞ்சில எறிஞ்சாரே உங்க வூட்டுக்காரரு... எப்பிடித்தான் அந்த ஆளோட குடும்பம் பண்ணீங்க?”

அந்த ஆள் இரண்டடி தள்ளி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறாள்.

அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, செருப்பைத் தேடி மாட்டினார். “கெளம்பு” என்றார் அண்ணியிடம்.

“மாமா, அஞ்சு நிமிஷம். ஜோதிய பாத்துட்டு...” என் கணவர் குறுக்கே போய் நின்றார்.

“நவுறு.”

அண்ணி என் மகளைப் பார்த்தார். “உன்கிட்ட மட்டுந்தான்டி சொன்னேன்” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

தீபத்துக்கு வந்த உறவு ஜோதி பார்க்காமல் வாசல் இறங்கினால் அந்த வீட்டோடு ஒட்டு அறுந்தது என்று பொருள். எங்கள் பக்கத்தில் சாவுச் சண்டையில்கூட யாரும் அதைச் செய்ததில்லை. ஆறு மணிக்கு வேட்டுச் சத்தம் கேட்டது. ஊர் முழுக்க ‘அரோகரா’ என்று எழுந்தது. என் மகள் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, கூட்டத்துக்கு எதிராக நடந்துபோகும் அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அந்தக் கதையைப் படித்தேன். பள்ளியில் படிக்கும்போது லீவுக்கு அவள் கிராமத்துக்குப் போயிருந்தபோது, தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுக்கொண்டே அண்ணி அவளிடம் சொன்னதுதான். அதில் ஒரு வரி கேலி இல்லை. பயந்துபோன ஒரு சின்னப் பெண், பிறகு வாழ்நாள் முழுக்க, வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் தானே முந்திக்கொண்டு உப்பு கம்மி என்று சொல்லிவிடுகிறாள். இத்தனை வருஷம் அந்த வார்த்தையைக் கேட்ட எனக்குப் புரியாதது பத்தொன்பது வயசில் அவளுக்குப் புரிந்திருந்தது. அதை அந்தக் கோடி வீட்டுப் பெண்கள் ஹாஸ்யமாக்கி, சாப்பாட்டுக்கூடமெல்லாம் இறைத்துவிட்டார்கள்.

“நா கேலியா எழுதலம்மா” என்றாள்.

“தெரியும்.”

“அத்தைக்குத் தெரியுமா?”

நான் மலரை மூடி அவள் பெட்டியிலேயே வைத்தேன்.

அந்த ஆறு பேரும் பொட்டலத்தில் பொரி உருண்டையைக் கட்டிக்கொண்டு, அழுதபடி பஸ் ஏறினார்கள். என் மகளை ஏறவிடவில்லை. “ஹாஸ்டலும் வாணாம், காலேஜும் வாணாம்” என்றார் என் கணவர். ஏப்ரலில் கடைசிப் பரீட்சை. எழுதினால் பட்டம், எழுதாவிட்டால் இரண்டரை வருஷமும் பாழ். நான் கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் சமைக்காமல் இருந்தேன். கடைசியில் ஒரு நிபந்தனை சொன்னார்.

“எங்க அக்கா இந்த வாசப்படி ஏறி வந்து, போவட்டும்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அனுப்பறேன்.”

அந்த மாடியில் முதலில் சிரித்தவர் அவர். அக்கா அவமானப்பட்ட இடத்தில் தன் சிரிப்புச் சத்தமும் இருந்ததே என்ற உறுத்தலை அவர் தன் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. மகள் தலையில் வைத்தார். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அது எப்போதும் கைவந்த வேலை.

பொங்கல் கழித்து நானே கிராமத்துக்குப் போனேன். அண்ணி களத்தில் மணிலாக் கடலை காய வைத்துக்கொண்டிருந்தார். மோர் கொடுத்தார். எதுவும் கம்மி என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“பொண்ணு படிப்பு கெட்டுப் போவுது அண்ணி. ஒரு வார்த்த வந்து சொல்லுங்க.”

“அவரு இப்பல்லாம் பந்தியில ஒக்கார்றதே இல்ல, தெரியுமா? எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வாசல்லயே நின்னுட்டு வந்துடறாரு.” காயைக் கிளறிக்கொண்டே சொன்னார். “வரேன் போ. எப்ப வரணும்னு எனக்குத் தெரியும்.”

வருவார் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மாசி போனது. எங்கள் டாக்டரிடம் டைபாய்டு என்று சான்றிதழ் வாங்கி, வேலூருக்குப் போய்க் கல்லூரியில் அழுது, பரீட்சைக்கான அனுமதிச் சீட்டை வாங்கி வந்தேன். வீட்டில் அவள் பாடப் புத்தகத்தைப் படித்தாள். வேறு ஒரு வரி எழுதவில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு குயர் பேப்பர் வாங்கி வந்து மேஜையில் வைத்தேன். அதில் அவள் சலவைக்குப் போட்ட துணிக்கணக்கு எழுதினாள்.

பங்குனியில் தபாலாபீஸுக்குப் போய் விடுதிக்கு டிரங்க் கால் போட்டேன். காத்திருந்து கிடைத்த லைனில் கண்ணாடிக்காரி பேசினாள். “கவலப்படாதீங்கம்மா. வர ஞாயித்துக்கெழம நாங்க ஆறு பேரும் வரோம். அப்பா கால்ல வுழுந்தாவது கூட்டிகினு போறோம். அவ இல்லாம கோடி வூடு வூடாவே இல்லம்மா.”

அந்த ஞாயிறு காலையிலிருந்து நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். மகள் தலை வாரி, பெட்டியைக் கட்டி, கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வேலூர் பஸ் ஒவ்வொன்றாக வந்து போனது. ஒருத்தியும் வரவில்லை. மாதிரித் தேர்வு இருந்ததாம், வார்டன் விடவில்லையாம். பிறகு யாரோ சொன்னார்கள். என் வீட்டு உப்பு, ஊறுகாய், அழுகை எல்லாவற்றையும் தங்கள் சொத்து போல எடுத்துச் செலவு செய்தவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவு செய்ய முடியாமல் போய்விட்டார்கள். ஆறு பேரும் பாஸ் செய்தார்கள் என்று பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, பகல் பதினோரு மணிக்கு, வாசலில் வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியது அண்ணி. பட்டுப் புடவை. பின்னால் அவர் வீட்டுக்காரர், கழுத்தில் புதுத் துண்டு. அதற்கும் பின்னால் மகன், கையில் பூவும் பழமும் மஞ்சளும் வைத்த தாம்பாளம். மகள் ஓடிவந்து அத்தை காலைத் தொட்டாள். அண்ணி அவளைத் தூக்கி நிறுத்தி, கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

“வந்துட்டியா அக்கா” என்றார் என் கணவர். “புதன்கெழம அவளுக்குப் பரீட்ச. நீ ஒரு வார்த்த சொன்னா இப்பவே பஸ் ஏத்திடறேன்.”

அண்ணி தாம்பாளத்தை வாங்கி என் கணவரின் கையில் வைத்தார். பிறகு என் மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்:

“பரீட்ச எங்கடா தம்பி ஓடிப்போவுது? கத எழுதறது தப்புன்னு நா சொல்லல. எங்கயோ தூரத்துல ஒக்காந்துகினு எழுதனாதான் தப்புத்தப்பா வருது. எங்க வூட்டுக்கு வரட்டும். பக்கத்துலயே இருந்து, பாத்துப் பாத்து எழுதட்டும்.”