ஊருக்குச் சொன்ன ஆபரேஷன்

தாம்பரத்தில் ஏறி மாம்பலத்தில் இறங்கி அலுவலகம் போய்வருகிறவள் நான். ஒரு நாள் மின்சார ரயிலில் கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். "எத்தனாவது மாசம் ஆன்ட்டி?" என்று வேறு கேட்டாள். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. என் பெரியவள் பொத்தேரியில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தாள். கிடைத்த இடத்தை விடுவானேன் என்று உட்கார்ந்துகொண்டேன். ஆனால் அன்று முழுக்க அந்தப் பெண்ணை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

இரண்டு சிசேரியனுக்குப் பிறகு தொங்கிப்போன வயிறு. நடந்து பார்த்தாயிற்று, சோற்றைக் குறைத்துப் பார்த்தாயிற்று. எடை குறைந்தது, தொங்கல் போகவில்லை. கடைசியில் அதை வெட்டியெடுத்துத் தைத்துவிடுகிற ஆபரேஷனுக்குத் துணிந்தேன். செய்துகொண்டதில் இன்று எனக்கு வெட்கமில்லை. அன்று இருந்தது. இந்த வயதில் இவளுக்கு அழகு கேட்கிறதா என்று காலனியும் மாமியார் வீடும் பேசுமே! யார் கேட்டாலும் ஹெர்னியா என்று சொல்லுங்கள் எனக் கணவரிடம் சொல்லிவைத்தேன்.

எங்கள் வீட்டிலும் மாடி வீட்டிலும் வேலை செய்தவளிடமும் அதையே சொன்னேன். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து பஸ் மாறி வருவாள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். கேட்டதும் அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"எனக்கும் அதான் கீதுக்கா" என்று சேலையை விலக்கி, தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் போலப் புடைத்திருந்ததைக் காட்டினாள். "கவர்மென்ட் ஆஸ்பத்திரில சின்ன ஆபரேசன்தான், ரெண்டு மூணு நாள்ல வூட்டுக்குப் பூடலாம்னாங்க. நீ மொதல்ல பண்ணிக்கினு வா. பாத்துட்டு நானும் போறேன்."

பார்த்தாள். இடுப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எனக்குத் தையல். இரண்டு பக்கமும் டியூப், அதன் நுனியில் ரத்தநீர் சேருகிற குப்பி. பத்து நாளைக்குக் கூனிக்கொண்டுதான் நடந்தேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மல்லாந்தே தூக்கம். இருமினால் உயிர் போகும், சிரித்தால் அதைவிட மோசம். ஆறு வாரம் இறுக்கமான பெல்ட். சாயங்காலமானால் வயிறு வீங்கிக்கொள்ளும். டாக்டர் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். என் காதில் ஏறினால்தானே. அடிவயிற்றில் ஓரிடத்தில் இன்றுகூடத் தொட்டால் உணர்வில்லை.

குப்பியை அளவு பார்த்துக் கொட்டியவள் அவள்தான். "என் கழுத்தப் புட்ச்சிக்கோக்கா" என்று கட்டிலிலிருந்து தினமும் எழுப்பிவிட்டதும் அவள்தான். மூன்றாவது வாரம் எனக்குப் பெல்ட் மாட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "யப்பா, இம்மாம் பாடா? சின்ன ஆபரேசன்னு சொல்லி என்ன ஏமாத்தப் பாத்தாங்களே! நா போவமாட்டேன்க்கா. நா படுத்துட்டா என்னப் பாக்க யாரு கீறா?"

உன்னுடையது வேறு, என்னுடையது வேறு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? "ஆளுக்கு ஆள் மாறும்" என்று மழுப்பினேன். தலையாட்டிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். அதற்குப் பிறகும் நான்கு மாதம் தினமும் என் எதிரில்தான் நின்றாள். சொன்னால் மாடி வீட்டுக்குப் போய்விடும் என்று பயந்தேன். அந்த நான்கு மாதமும் நான் உடம்பைப் பிடிக்கிற மாதிரி புதுச் சுடிதார்களாகத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை அவளுடைய மகள் போன் செய்தாள். அம்மாவுக்கு விடாமல் வாந்தி, புடைப்பு கல் மாதிரி ஆகிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று அழுதாள். குடல் அதற்குள் மாட்டிக் கறுத்துவிட்டிருந்தது. அவசரமாக ஆபரேஷன் செய்து, ஒரு துண்டை வெட்டியெடுத்தார்கள்.

ஐந்தாவது நாள் பார்க்க அனுமதித்தார்கள். பாதி ஆளாக இருந்தாள். என்னைக் கண்டதும் சிரிக்க முயன்று, பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் சொன்னாள்: "நா சொன்னேன் இல்ல, அந்த அக்கா இதான். இதுக்கும் இதே ஆபரேசன்தான். கூனிக்கினே நடந்துச்சு, பாவம்."

அந்தப் பெண்ணுக்கு மறுநாள் ஹெர்னியா ஆபரேஷனாம். முகம் வெளுத்துவிட்டது. "நெசமாவாம்மா? அப்ப எனக்கு வேணவே வேணாம், நா வூட்டுக்கே பூட்றேன்" என்று என்னைப் பார்த்தாள்.

இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"போயிடாதீங்கம்மா. எனக்கு ஹெர்னியாவே கிடையாது. தொங்கின வயித்த வெட்டி எடுத்துக்கிட்டேன், அழகுக்காக. அதனாலதான் அவ்வளவு நாள் கஷ்டப்பட்டேன். உங்களது சின்னது, பண்ணிக்குங்க."

அந்தப் பெண் என் வயிற்றைப் பார்த்தாள். இவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபப்பட்டுத் திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு. அவள் திட்டவில்லை.

"நா போவமாட்டேன்னு சொன்னேனே, அப்பவே என்னுது சின்னதுன்னு ஒனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்" என்றேன்.