பதினொரு வசனங்கள்

கொம்பனி எனக்குத் தந்த பொருட்கள் நான்கு: ஒரு தோற்பை, ஒரு சைக்கிள், ஒரு ரசீதுப் புத்தகம், பதினொரு வசனங்கள் அச்சடித்த ஒரு மட்டை. முதல் மூன்றையும் கவனமாகப் பாவிக்க வேண்டும். நான்காவதைப் பாடமாக்க வேண்டும்.

ஆயுட் காப்புறுதி விற்கப் போகும் முகவர் ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பதினொரு வசனங்களையும் அதே வரிசையில், ஒரு சொல்லும் மாறாமல் சொல்ல வேண்டும் என்பது கொம்பனியின் முதல் விதி. கொழும்பில் யாரோ ஆங்கிலத்தில் எழுத, வேறு யாரோ தமிழாக்கியவை அவை. நான்காவது வசனம் இது: "நாளை நீங்கள் இறந்துபோனால் உங்கள் மனைவி யாருடைய வாசலில் போய் நிற்பாள்?" அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு இருந்தது: ஐந்து செக்கன் மௌனம்.

ஐம்பதுகளின் கடைசிப் பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. என் பகுதி முல்லைத்தீவும் அதைச் சுற்றிய ஊர்களும். வேறு விதிகளும் இருந்தன. சப்பாத்தும் கழுத்தில் கட்டும் ரையும் இல்லாமல் வெளிக்கிடக் கூடாது. எழுத்தில் அனுமதி பெறாமல் பகுதியைவிட்டுப் போகக் கூடாது. கையொப்பம் வாங்கும்வரை அந்த வீட்டில் எதையும் குடிக்கக் கூடாது. கொம்பனிக்குத் தவிர வேறு எவருக்கும் ஒரு வரி எழுதினாலும் வேலை போய்விடும்.

கடைசி விதியை நான் ஆறு மாதமாக மீறிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றுக்கு, வேறொரு பெயரில், சின்னச் சின்னச் செய்திகள் அனுப்பி வந்தேன். குளத்து வான்கதவு உடைப்பு, யானை விழுத்திய தந்திக் கம்பம், ஆஸ்பத்திரியில் மருந்துத் தட்டுப்பாடு. நான் தங்கியிருந்தது தண்ணீரூற்றில், ஒரு முஸ்லிம் வியாபாரியின் புடவைக் கடைக்குப் பக்கத்து அறையில். அவர் காலையில் பத்திரிகையை வாய்விட்டுப் படிப்பவர். ஒருநாள் ஒரு செய்தியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இது நீர் எழுதினதுதானே?"

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. பஸ் ஏழு நிமிசம் பிந்தி வந்தது எண்டு கிடக்கு. நாங்கள் எல்லாரும் பஸ் பிந்தினா பிந்தினது எண்டுதான் சொல்லுவம். ஏழு நிமிசம் எண்டு எண்ணுற விசர் இந்தப் பக்கத்திலை ஒண்டுதான் இருக்கு."

அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவரிடம் நான் காப்புறுதி பற்றிப் பேசியதும் இல்லை. அறையை வாடகைக்குத் தந்த அன்றே, "எனக்கு மட்டும் அதை விக்க வராதையும், மற்ற எந்தக் கதையும் கதைக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வருடம் மாசி மாதம் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. துணையாசிரியர் மேசையில் ஓர் இடம் இருக்கிறது. சம்பளம் பெரிதாக இல்லை. மாத முடிவுக்குள் பதில் வேண்டும். அந்தச் சம்பளம் நான் அப்போது வாங்கியதில் பாதிக்குச் சற்று மேலே வரும். கடிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் திரிந்தேன்.

விடுவது இலேசாக இருக்கவில்லை. அப்பா பளை ரயில் நிலையத்தில் வேலையில் இருந்தார். மூன்று பேருடைய வாசலுக்கு நடந்து எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவர். பிளாட்பாரத்தில் கோணி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "மகன் கொம்பனி உத்தியோகம்" என்று அவர் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். வேலையும் பொய்யான வேலை அல்ல. முந்திய வருடம் முள்ளியவளையில், கணவனை மரம் விழுந்து பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் கொம்பனியின் காசோலையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிக்குள் வைத்தா. அதைப் பார்த்தவன் அந்தத் தொழிலை ஏளனம் செய்ய முடியாது.

இன்னொன்று, நான் ஓரளவு நன்றாகவே விற்றேன். அதற்குக் காரணம், தனியே போகும்போது நான்காவது வசனத்தை விட்டுவிடுவதுதான். மோர் தந்தால் குடிப்பேன். நெல்லு, மாடு, பிள்ளைகளின் படிப்பு என்று கதைத்து, கடைசியில் மெல்ல விஷயத்துக்கு வருவேன். கொம்பனிக்கு இது தெரியாது. தெரிய வேண்டியவர் ஒருவரே, என் இன்ஸ்பெக்டர்.

அவர் யாழ்ப்பாணப் பட்டினத்தவர், வவுனியாவில் இருந்தார். மாதத்தில் மூன்று நாள் முல்லைத்தீவுக்கு வருவார். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, எங்கே குந்தினாலும் முதலில் சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து விரித்துவிட்டுத்தான் இருப்பார். சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தால் நேர் பாதியைக் கோடு கிழித்தது போல ஒதுக்கி என் பக்கம் தள்ளுவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது முல்லைத்தீவிலிருந்து ஆறு மைல் சைக்கிளில் வந்து, கொத்தமல்லி அவித்துத் தந்து, திரும்பிப் போகும் முன் என் நாட்குறிப்பைச் சரிபார்த்துப் பிழை போட்டவர். அந்தப் பதினொரு வசனங்களைக் காலையில் முகம் கழுவும்போது முணுமுணுப்பார். அவற்றை அவர் நம்பினார்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. என்னை நிரந்தரமாக்குவதா என்று அவர் அறிக்கை எழுத வேண்டும். அதற்கு நான் ஒருவரிடம் பேசுவதை அவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்த அறிக்கை எப்படி வருகிறதோ அதைப் பார்த்து ஆசிரியருக்குப் பதில் எழுதுவோம் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தீர்மானத்தை வேறொருவர் தலையில் கட்டுவதற்கு அது வசதியான வழி.

முள்ளியவளையில் வயல் செய்யும் ஒரு கமக்காரர் ஏற்கெனவே காப்புறுதிக்கு என்னிடம் ஓம் சொல்லியிருந்தார். சூடு மிதித்து நெல்லு வீட்டுக்கு வந்த பிறகு வரச் சொன்னார். இன்ஸ்பெக்டர் காத்திருக்க விரும்பவில்லை.

"ஐசே, மனிசர் நாளைக்கு மனம் மாறுவினம். இண்டைக்கே போவம்."

"இண்டைக்கு அவை களத்திலை நிப்பினம், சேர்."

"நிக்கட்டும். நாங்களும் நிப்பம்."

சூடு மிதிக்கும் களம் வன்னியில் கோயில் மாதிரி. நெற்கதிரைப் பரப்பி மாடுகளை வளைய நடத்தி மிதிக்கும்போது யாரும் செருப்போடு உள்ளே வரமாட்டார்கள். இல்லை, குறைவு, போச்சு என்ற சொற்கள் வாயில் வராது. சொன்னால் விளைச்சல் குறையும் என்பது நம்பிக்கை. நெல்லைக்கூட நெல்லென்று சொல்லாமல் பொலி என்பார்கள். சாவு பற்றிய பேச்சை அங்கே யாரும் நினைப்பதே இல்லை.

சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்று இன்ஸ்பெக்டருக்குச் சொன்னேன். அவர் ஒரு மறுப்பும் சொல்லாமல் கழற்றி, காலுறைகளை மடித்து உள்ளே வைத்தார். சொற்களைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால், இங்கே நான்காவது வசனத்தை விட வேண்டும் என்று கேட்க வேண்டிவரும். கேட்டால், ஒரு வருடமாக விட்டுவந்ததும் வெளிவரும்.

காலை பத்து மணி இருக்கும். நான்கு மாடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. கமக்காரர் பின்னால் நடந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி களத்து ஓரத்தில், பாலை மர நிழலில், மோர்ச் செம்போடு நின்றா.

"வாங்கோ தம்பி. ஆர் கூட வந்திருக்கிறது?"

"எங்கட பெரியவர், அக்கா."

"வெய்யிலுக்கை வந்திருக்கிறியள். மோர் குடியுங்கோ."

"இல்லை அக்கா."

அவா சிரித்தா. "அந்தச் சொல்லு இஞ்சை வேண்டாம் தம்பி. பிறகு குடிக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

அந்த இடத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கமக்காரர் மரியாதைக்காக மாடுகளை விட்டுவிட்டுக் களத்து விளிம்புக்கு வந்தார்.

"சொல்லும் தம்பி. சுருக்காச் சொல்லும்."

நான் முதல் மூன்று வசனங்களையும் சொன்னேன். அவர் தலையசைத்தார். நான்காவதையும் சொன்னேன்.

ஐந்து செக்கன் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. மாடுகள் ஆளில்லாமலே அரை வட்டம் நடந்து தாமாக நின்றன. அக்கா செம்பை நிலத்தில் வைத்தா. கமக்காரர் என்னைப் பார்க்கவில்லை. மிதிபட்டுக் கிடந்த கதிர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அளவில் நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஐந்து செக்கன் முடிந்ததும் நான் ஐந்தாவது வசனத்தைத் தொடங்கினேன். பதினொன்றும் முடியும்வரை சொன்னேன்.

கமக்காரர் திரும்பிப் போய் மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். சத்தம் போடவில்லை. தேங்காயும் கற்பூரமும் எடுத்துவரச் சொல்லி மனைவிக்குச் சைகை காட்டினார். இனிக் களத்தைச் சுற்றிக் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அக்கா போகிற போக்கில் என் பக்கத்தில் நின்றா. "அண்டைக்கு வீட்டை வந்து நல்லாத்தானே கதைச்சனீங்கள், தம்பி. இண்டைக்கு என்ன பிடிச்சது?"

கமக்காரர் கேட்டார்: "இந்தப் பேச்சு நீர் எழுதினதோ?"

வாய்க்கு வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, மறுத்துத் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அதுதானே பாத்தன்" என்றார். "நாளையிண்டைக்கு வீட்டை வாரும். தனிய வாரும்."

திரும்பும் வழியில் ஒரு மதகில் இன்ஸ்பெக்டர் கைலேஞ்சியை விரித்து இருந்தார். அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் கண்டதில்லை.

"ஐசே, பிரமாதம். ஒரு சொல் பிசகேல்லை. அந்த ஐஞ்சு செக்கன் சரியா ஐஞ்சு செக்கன்!"

அங்கேயே படிவத்தை எடுத்து எழுதினார். எழுதியதை ஒரு முகவருக்குக் காட்டுவது விதிக்குப் புறம்பு, என்றாலும் காட்டினார். 'பூரண திருப்தி. நிரந்தரமாக்கலாம்.' ஒரு வருடத்தில் நான் செய்த மிக மோசமான காரியத்துக்குக் கிடைத்த அதி உயர்ந்த புள்ளி.

"சேர், அவை மாட்டை அவிட்டுப்போட்டினம்" என்றேன்.

"மாட்டுக்கும் பசிக்கும்தானே."

அப்போதுதான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். களம், சொற்கள், கற்பூரம், ஒரு வருடமாக நான் விட்டுவந்த வசனம். அவர் பேனையை மூடினார். அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை. வெட்கம் இருந்தது.

"ஏன் முதலே எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா, அதை விட்டுட்டுப் பேசச் சொல்லியிருப்பியளோ?"

யோசித்தார். அவர் பொய் சொல்லாதவர்.

"இல்லை" என்றார். "அப்பவும் சொல்லத்தான் சொல்லியிருப்பன். களத்துக்குப் போற நாளை வேணுமெண்டால் மாத்தியிருப்பன். வசனத்தை மாத்த எனக்கு அதிகாரமில்லை, ஐசே."

பையில் இருந்த கடிதத்துக்குரிய பதில் அந்த மதகிலேயே எனக்குக் கிடைத்துவிட்டது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் இன்னும் அந்த வேலையில் இருந்திருப்பேன். கெட்ட அதிகாரியை ஏமாற்றிக்கொண்டு காலம் தள்ளலாம். என் நாட்குறிப்பைத் திருத்திய, எனக்குக் கொத்தமல்லி அவித்துத் தந்த மனிதர் அப்படிச் சொன்னபோதுதான், பத்து வருடம் போனால் இதே மதகில் இருந்து இதே பதிலை நானும் நேர்மையாகச் சொல்வேன் என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் கமக்காரர் வீட்டுக்குத் தனியே போனேன். அவர் என்னைக் கதிரையில் இருத்தி, படிவத்தை வாங்கிக் கையொப்பம் வைத்தார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "விடும்" என்றார். அக்கா குசினிக்குள் இருந்து, பொலி போன வருசத்தைவிடக் கூட என்று சொன்னா. என் ஆறுதலுக்காகவா, உண்மையா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அன்று பின்னேரம் இன்ஸ்பெக்டர் வவுனியா பஸ்ஸுக்கு நின்றபோது அந்தப் படிவத்தையும், கூடவே என் விலகற் கடிதத்தையும் கொடுத்தேன். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"சொந்தக் காரணம் எண்டு எழுதியிருக்கிறீர். இது பொய்."

"வேறை என்ன சேர் எழுதுறது?"

யோசித்தார். "சரி, கிடக்கட்டும். உண்மையை எழுதினீர் எண்டால், அதுக்கு மேலை நான் ஒரு றிப்போட் எழுதவேண்டி வரும்." கடிதத்தை மடித்தார். "எங்கை போறீர்?"

"பேப்பருக்கு, சேர்."

"பேப்பரோ? அங்கை போய் மரண அறிவித்தலிலைதான் தொடங்க விடுவினம். நாலாம் வசனத்திலையிருந்து தப்பி ஓடுற ஆள் நீர்." அவர் சத்தமாகச் சிரிப்பதை முதல் முறையாகக் கேட்டேன். பஸ்ஸில் ஏறியபிறகு யன்னலால் தலையை நீட்டினார். "கொப்பருக்குச் சொன்னீரோ?"

"இன்னும் சொல்லேல்லை."

"முதல் அவருக்கு எழுதும். கொம்பனி கடிதம் வந்து அவருக்குத் தெரியக் கூடாது."

அன்றே இரண்டு கடிதங்கள் போட்டேன். ஆசிரியருக்கு மூன்று வரி. அப்பாவுக்கு நான்கு பக்கம். ஆசிரியரின் பதில் ஐந்தாம் நாள் வந்தது. அப்பாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மாதக் கடைசியில் புடவைக் கடைக்காரர் என் பெட்டியைத் தன் ஆளிடம் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மாங்குளத்தில் ரயில் பிடித்தேன்.

பளையில் ரயில் நின்றபோது அப்பா பிளாட்பாரத்தில், உத்தியோக உடுப்போடு நின்றார். என்னைக் கண்டதும் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் கேட்டும் தரவில்லை. தண்டவாளத்தைக் கடந்து ஒழுங்கைக்குள் இறங்கியபிறகுதான் வாய் திறந்தார்.

"பேப்பர்காரருக்கு ரயிலிலை சும்மா போக பாஸ் குடுப்பினமோ?"

தெரியாது என்றேன்.

"விசாரிச்சு எழுது" என்றார். பெட்டியை மற்றத் தோளுக்கு மாற்றினார்.