குக்கருக்காக ஒரு விரல்

புனே பக்கத்துப் போசரியில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் பாதுகாப்பு அதிகாரி. கோயமுத்தூரில் என் அம்மா இதை வாட்ச்மேன் வேலைக்கு ஒரு படி மேலே என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தொழிற்சாலையிலும் என்னைப் பற்றி அதைவிடப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. நான் ஷெட்டுக்குள் நுழைந்தால் ஹெல்மெட்டுகள் தலைக்கு ஏறும். வெளியே போனால் இறங்கிவிடும்.

எங்கள் பிளான்ட் ஹெட் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு யோசனை வரும்போதுதான் எனக்குப் பயம். ஒரு வருஷம் பாதுகாப்பு வாரம் முடிந்ததும் பிரஸ் ஷாப் ஆட்களை எல்லாம் கூட்டி, அடுத்த பாதுகாப்பு வாரம் வரை ஒருவருக்கும் காயம் படாமல் இருந்தால் ஆளுக்கொரு பிரஷர் குக்கர் பரிசு என்று அறிவித்தார். ஒருவருக்குப் பட்டாலும் யாருக்கும் கிடையாது. நான் வேண்டாம் என்றேன். காயம் படாததற்குப் பரிசு கொடுத்தால் காயம் நிற்காது, காயத்தைச் சொல்வதுதான் நிற்கும் என்றேன். எனக்கு எதிலும் நல்லதே கண்ணில் படாது என்று சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து பிரஸ் ஷாப் புண்ணிய பூமி ஆகிவிட்டது. தகடுகளை அழுத்தி வெட்டும் இடம் அது. வெட்டிய விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். முன்பெல்லாம் கையைக் கிழித்துக்கொண்டு யாராவது முதலுதவி அறைக்கு வந்தபடி இருப்பார்கள். இப்போது ஈ காக்கை இல்லை. நர்ஸ் ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்பார்களே, எங்கள் பூனை கண்ணை மூடியதோடு நிற்காமல், 'காயம் பூஜ்யம்' என்று எழுதிய நோட்டீஸ் போர்டு பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டது.

பாதுகாப்பு வாரம் நெருங்கியபோது கேண்டீன் மாவ்ஷி என்னிடம் புகாரோடு வந்தார். மராத்தி அம்மாள், தொழிற்சாலை முழுக்க அவரைச் சித்தி முறை வைத்து மாவ்ஷி என்றுதான் கூப்பிடும். கேண்டீனில் மஞ்சள் தூள் தங்குவதில்லையாம். டப்பாவை மேல்தட்டில் வைத்தார், போனது. பூட்டி வைத்தார், பூட்டும் சேர்ந்து போனது. பருப்பு வெளுத்துக் கிடக்கிறது என்று தின்கிறவர்கள் அவரையே திட்டுகிறார்கள். திருடன் என்றால் சர்க்கரையை எடுப்பான், எண்ணெயை எடுப்பான், எந்த மடையன் மஞ்சளை எடுப்பான் என்று அவர் மராத்தியில் பொரிந்து தள்ளினார். எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் பிடிபட்டது. பிரஸ் ஆபரேட்டர் ஒருவர் தமிழர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனே. தினமும் வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டுவந்து, பிசைந்து, விரலை வழித்துச் சாப்பிடுவார். அன்றைக்கு இடது கையில் ஸ்பூன் வைத்துக்கொண்டு கொத்திக்கொண்டிருந்தார். தயிர்சாதத்தை ஸ்பூனில் தின்னும் தமிழனைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

"ஏனுங்கண்ணா, அந்தக் கையக் கொஞ்சம் மேல எடுங்க" என்றேன்.

எடுக்கவில்லை. நானே பிடித்து இழுத்தேன். ஆள்காட்டி விரல் கத்தரிக்காய் கணக்காக வீங்கியிருந்தது. மேலே மஞ்சள் அப்பி, கந்தல் சுற்றி, ஓரமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. மாவ்ஷியின் மஞ்சள் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவர்கள் ஒரு பிரஸ் ஷாப்பையே மஞ்சளில் மறைத்திருந்தார்கள். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், நாளைக்கு ஃபங்ஷன். பூரா சால், ஒரு வருஷமா யாரும் வாய் தொறக்கல. நான் ஒருத்தன் சொல்லி எல்லார் வூட்டு குக்கரும் போவணுமா? எங்க வூட்டுல பழைய குக்கர பங்கார்காரனுக்கு எடைக்குப் போட்டே ஆச்சு. அவ்ளோதான், நாளைக்கு ஒரு நாள் வுட்ருங்க."

விட முடியாது என்று பிளான்ட் ஹெட்டிடம் ஓடினேன். மஞ்சள் நம் பாரம்பரிய மருத்துவம் என்றார் அவர். நாளைக்கு ஹெட் ஆபீஸ் ஆட்கள் வருகிறார்கள், மற்றதை மறுநாள் பார்க்கலாம் என்றார். நான் திரும்பி வருவதற்குள் ஷிப்ட் முடிந்து ஆபரேட்டர் பைக்கில் பறந்துவிட்டார். அவர் போனும் அணைந்திருந்தது. ராத்திரி முழுக்க அந்த விரல் கண்ணிலேயே நின்றது.

மறுநாள் காலை மேடைக்குப் பக்கத்தில் குக்கர் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். பரிசுக்கு முன்னால் பாதுகாப்பு உறுதிமொழி. வலது கையை முன்னால் நீட்டி, நான் சொல்லச் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும். அது வழக்கம். இந்த முறை உள்ளங்கையை மேலே திருப்பி, விரல்களை நன்றாக விரித்து நீட்டச் சொன்னேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹெட் ஆபீஸ் ஆட்கள் முன்னால் தாமதமாகிறதே என்று பிளான்ட் ஹெட்டே ஜல்தி ஜல்தி என்று அதட்டினார்.

கைகள் நீண்டன. வரிசை வரிசையாக மஞ்சள். கந்தலும் இன்சுலேஷன் டேப்புமாக, தசராவுக்குச் சாமந்தி கொட்டிவைத்த மாதிரி இருந்தது. பிளான்ட் ஹெட் என் பக்கம் சாய்ந்து, நேற்று யார் வீட்டிலாவது கல்யாணத்துக்கு மஞ்சள் பூசும் ஹல்தியா என்று உண்மையாகவே கேட்டார். இல்லை, உங்கள் குக்கருக்கு வைத்த ஹல்தி என்றேன். கடைசி வரிசையில் ஒரே ஒரு இடது கை நீண்டிருந்தது.

உறுதிமொழியைப் பாதியில் விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். ஆபரேட்டரை முழங்கையைப் பிடித்து இழுத்துப்போய் என் ஸ்கூட்டரில் ஏற்றினேன். இரும்புத் தகட்டோடு விளையாடுகிற மனிதர் வழியெல்லாம் "ஆஸ்தே மேடம், மெள்ள" என்று எனக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் விரலைக் கீறிச் சீழை எடுத்தார். சீழ் எலும்புக்குப் போயிருந்தால் விரலையே எடுத்திருக்க வேண்டும், நல்லவேளை இன்றைக்கே வந்தீர்கள் என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பிளான்ட் ஹெட் போன் செய்தார். முதலுதவி அறை வாசலில் பெரிய வரிசை நிற்கிறதாம், குக்கர்களை என்ன செய்வது என்று கேட்டார். அந்த வரிசையில் நிற்பவர்களுக்கே கொடுங்கள் என்றேன். பிறகு, விரல் எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

தாபோடியில் இருக்கும் வீட்டிலிருந்து ஆபரேட்டரின் மனைவி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். குக்கர் கைக்கு வரும் நேரத்தில் கெடுத்தவள் நான்தான் என்று திட்டுவார் என எதிர்பார்த்து எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கட்டுப் போட்ட கையைத்தான் பார்த்தார்.

"குக்கர் போச்சு" என்றார் கணவர், தப்பு செய்த பிள்ளை மாதிரி.

"போனா போவுது. குக்கர் வந்தா மட்டும்? விசில எண்ண கையில வெரலு வேணாமா?"

கணவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாள் மட்டும் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் முகத்தைக் காட்டாமல் திரும்பி உட்கார்ந்து அழுதார்.