புல் முளைக்காத மண்

மலேசியாவில் தாப்பாவுக்குப் போகும் வழியில், எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவே ஒரு குதிரைப் பண்ணை இருக்கிறது. மர வீடுகளில் தங்கலாம், குதிரை ஏறலாம், மருந்தே படாத காய்கறி சாப்பிடலாம். அங்கே சமையலும் காய்கறிப் பாத்திகளும் என் பொறுப்பு. அந்த நிலம் முன்பு ரப்பர் தோட்டமாக இருந்தது. நான் பிறந்ததும் அங்கேதான்.

காலையில் மலையிலிருந்து பனி இறங்கும்போது எனக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்துவிடும். விடியுமுன் ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுத்த பெரட்டுக் களத்தில் இப்போது குதிரைகள் நிற்கின்றன. பனியில் அவற்றின் கால் தெரியாது, முதுகு மட்டும் மிதக்கும். அந்த முதுகுகளுக்கு இடையே அம்மா ரப்பர் பால் வாளியோடு நடந்து வருவாள். அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று என்பது எனக்குத் தெரியாதா என்ன? ஒரு குதிரை கனைக்கும், அம்மா மறைந்துவிடுவாள், நான் உள்ளே போய் வெங்காயம் உரிப்பேன்.

தோட்டத்தை விற்று, நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்த பிறகு நிலம் வெகுகாலம் லாலான் புல் மண்டிக் கிடந்தது. ஈப்போவிலிருந்து வந்து அதை வாங்கியவர்தான் என் முதலாளி. நம்ம ஆள்தான். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போவார், புத்தகத்தைப் பார்த்து விவசாயம் செய்வார். அதற்காக அவரை நான் கேலி செய்வதுண்டு. ஆனால் நல்ல மனுஷர். போன வருஷம் ஒருநாள், "அக்கா, லாலான் இல்லாத எடம் எங்கயாச்சும் இருக்கா? புதுப் பாத்தி போடலாம்" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. கடைசி லயம் இருந்த இடத்துக்குப் பின்னால், பழைய ஸ்டோரை ஒட்டி ஒரு வெட்டவெளி உண்டு. நாங்கள் கோலி விளையாடிய இடம். ஒரு புல் கிடையாது, காலில் அட்டை ஏறாது, பாம்பு பயம் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் சொர்க்கம்.

"இங்க போடுங்க பாஸ். இந்தத் தோட்டத்துலயே சுத்தமான எடம் இதுதான்லா" என்று பெருமையாகக் காட்டினேன்.

குதிரைச் சாணத்தை மட்க வைத்துக் கொட்டினோம். தண்டுக்கீரை கொஞ்சம் சோகையாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. முதல் அறுவடையை ஒரு சனிக்கிழமை விருந்தாளிகளுக்குக் கடைந்து போடுவதாக ஏற்பாடு. பிள்ளைகுட்டிகளோடு பல குடும்பங்கள் வருவதாக இருந்தது.

முந்தின நாள் பாரிட் புந்தாரிலிருந்து என் அக்கா வந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். கல்யாணத்துக்கு முன் இந்தத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் கும்பலில் இருந்தவள், முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்துகொண்டு. பாத்தியைக் காட்டினேன். அவள் முகம் சுருங்கியது.

"யாருடி இங்க கீர போடச் சொன்னது?"

"நாந்தான். நாம வெளயாடுன எடம்லா."

"நீ வெளயாடுன. நாங்க இங்கதான் பம்பு கழுவுவோம். மிச்ச மருந்தயும் இங்கதான் ஊத்துவோம். புல்லு ஏன் மொளைக்கலன்னு நெனச்ச?"

பூச்சி விழுந்துவிட்டது என்று பொய் சொல்லி எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். இடத்தைக் காட்டியவள் நான், வேலை போய்விடுமே என்ற பயம். ஆனால் பொய் சொன்னால் அடுத்த மாதமும் அதே மண்ணில் விதைப்பார்கள். அந்தக் கீரையை ஏதோ ஒரு பிள்ளை தின்னும். நேரே போய்ச் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

முதலாளி கீரை வேண்டாம், முட்டைக்கோஸ் வாங்கிக்கொள்ளலாம் என்றார். சாயங்காலமே ஆட்கள் கையுறையும் முகமூடியும் போட்டு எல்லாவற்றையும் பிடுங்கிச் சாக்கில் கட்டினார்கள். பரிசோதனைக்கு மண் எடுத்தார்கள். சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டினார்கள். அக்கா இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று கயிற்றருகே போனாள்.

"கிட்ட போகாதீங்கக்கா, ஒடம்புக்கு ஆகாது" என்று முதலாளி பதறினார்.

அக்கா தன் இரண்டு கைகளையும் அவர் முன் நீட்டினாள். மூன்று விரல்களில் நகம் இல்லை. மருந்தடித்த காலத்தில் விழுந்தவை, பிறகு முளைக்கவே இல்லை.

"நாங்க இங்கதான் தம்பி கை கழுவிட்டு சோறு தின்னோம்" என்றாள். "அப்ப யாரும் கயிறு கட்டல."