கக்கத்து பிளாஸ்க்கும் பக்கவாதமும்

பக்கவாதம் வந்து சில மாதங்களில் எல்பியோவின் இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. வேறு ஊராயிருந்தால் ஐயோ பாவம் என்றிருப்பார்கள். பாய்சாந்துவில் சபாஷ் என்றார்கள்.

உருகுவே ஆம்பளைக்கு இடது கை இருப்பதே பிளாஸ்க் இடுக்கத்தான். கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், கையில் தேநீர் மாதிரிக் குடிக்கும் மாத்தே இலை திணித்த சுரைக்குடுவை, வாயில் உறிஞ்சுகுழல். வங்கிக்குப் போனாலும் இதே கோலம், சாவு வீட்டுக்குப் போனாலும் இதே கோலம். வீட்டுக்கு எதிரே இருக்கும் கிளப்பில் குண்டு உருட்டி விளையாடும் நில்சன் ஒரு நாள் வந்து, எல்பியோவின் மடங்கிய கைக்குள் பிளாஸ்க்கைச் செருகிப் பார்த்தார். விழவில்லை. பிடித்து இழுத்தார். வரவில்லை.

“டேய், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாலகூட உனக்கு இந்தப் பிடி கிடையாதுடா,” என்றார். “சாம்பியன்டா நீ.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து எல்பியோ வாசலில் நாற்காலி போட்டு, பிளாஸ்க்கோடு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பாராட்டு வாங்கினார். உடற்பயிற்சியைத் தலைமுழுகினார்.

ஆனால் அந்தச் சாம்பியனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. அது அவருடைய மனைவி தெல்மாவுக்குத்தான் தெரியும். கழிப்பறைக்கு, சாப்பாட்டுக்கு, படுக்கைக்கு என்று ஒவ்வொரு தடவையும் அவள்தான் இரண்டு கையையும் அவர் முதுகுக்குப் பின்னால் கோத்துத் தூக்கினாள். எல்பியோ வேலையில் இருந்த காலம் முழுக்க தலைநகர் மொந்தேவிடேயோவுக்கு பஸ் ஓட்டியவர். உட்கார்ந்து சம்பாதித்தார், வீட்டுக்கு வந்து உட்கார்ந்து மாட்டுக்கறி சாப்பிட்டார். உட்காருவதில் அவருக்கு இருந்த பயிற்சி ஊரில் யாருக்கும் இல்லை. எடையும் அதற்கேற்ற மாதிரிதான். தெல்மாவுக்கு ஏற்கெனவே முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவியிருந்தது. இன்னொன்று போனால் நீங்களும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் படுத்தால் யார் யாரைத் தூக்குவது?

வாரம் ஒரு முறை பிசியோதெரபி செய்ய அனாக்லாரா வருவாள். சின்னப் பெண், ஆனால் மழுப்பத் தெரியாது.

“இது பலம் இல்ல, எல்பியோ ஐயா. தசை முறுக்கிக்கிட்டு நிக்குது. இடுக்கறதை அது தானாவே செய்யும். விரிக்கத்தான் உங்களுக்கு பலம் வேணும். கையை நீட்டி நாற்காலிப் பிடியை அமுக்கணும், தொடையை ஊன்றி எழுந்திருக்கணும். எழுந்து உக்காருங்க, மறுபடி எழுந்து உக்காருங்க. அதான் உங்களுக்கு எடை தூக்கற பயிற்சி.”

“உக்கார்றதுக்கு எதுக்கும்மா எழுந்திருக்கணும்? உக்காந்துதானே இருக்கேன்.”

அவள் கொடுத்துப் போன ரப்பர் பட்டையால் தெல்மா ஜன்னல் கதவைக் கட்டினாள். ரோஸ் நிற டம்பெல் காற்றுக்குக் கதவு அடிக்காமல் முட்டுக்கொடுத்தது. வீட்டில் அதுவரை பலன் அடைந்தவை அந்த இரண்டு கதவுகளும்தான்.

“நீங்க தூக்கத் தூக்க அந்தக் காலுக்கு வேலையே இல்லாம போயிடுது,” என்று வாசலில் வைத்துச் சொன்னாள் அனாக்லாரா. “தூக்காதீங்க. பக்கத்துல மட்டும் நில்லுங்க.”

“நான் தூக்காட்டி அந்த ஆளு நாற்காலியிலயே ஒண்ணுக்குப் போயிடுவாரு. நீ வந்து துவைப்பியா?”

துவைக்க மாட்டேன் என்று அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னாள். தெல்மாவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

நில்சனிடமும் சொல்லிப் பார்த்தாள். “பிளாஸ்க்கைக் கொண்டுபோய் அவர் கைல சொருகாத. வேணும்னா எழுந்து வந்து எடுத்துக்கட்டும்.”

“பாவம், தெல்மா, உடம்பு சரியில்லாத மனுஷன்.”

“சாம்பியன்னு சொன்ன?”

“சாம்பியன்தான். உடம்பு சரியில்லாத சாம்பியன்.”

மறுநாள் காலையில் எல்பியோவைக் கட்டிலிலிருந்து சமையலறை நாற்காலிக்கு மாற்றும்போது தெல்மாவின் முதுகில் சுளீரென்று பிடித்தது. அவரை நாற்காலியில் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்பியோ கேட்டார், “பிளாஸ்க் எங்க?”

நேற்றைய தண்ணீர் ஆறிக்கிடந்த பிளாஸ்க்கை எடுத்து, அவள் தன் கையாலேயே அவர் கக்கத்தில் செருகினாள். கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள். பின்கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

மாத்தேவுக்குத் தண்ணீர் கொதிக்கக் கூடாது. கெட்டிலின் அடியில் முனகல் கேட்டதும் அணைத்துவிட வேண்டும். கொதித்த தண்ணீரை மாத்தே இலையில் ஊற்றுவது அந்த ஊரில் கள்ளத்தொடர்பைவிடப் பெரிய குற்றம்.

“கெழவி, தண்ணி முனகுது.”

“கேக்குது.”

“அப்ப அடுப்பை அணை.”

“முதுகு பிடிச்சிருக்கு கெழவா. நீ அணை.”

“கொதிச்சிரும் தெல்மா.”

“கொதிக்கட்டும்.”

எல்பியோ நில்சனைக் கூப்பிட்டுப் பார்த்தார். கிளப்பில் குண்டு உருளும் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது. கெட்டில் மூடி தடதடக்கத் தொடங்கியது. எல்பியோ கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டு கையைப் பிரித்தார். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத்தான் பிரித்தார். பிளாஸ்க் தரையில் விழுந்து உள்ளே கண்ணாடி நொறுங்கியது. இடது உள்ளங்கை பாதி விரிந்து நாற்காலிப் பிடியில் பதிந்தது. அமுக்கினார். தொடை இரண்டும் நடுங்கின. பாதி எழுந்து மறுபடி விழுந்தார். கதவுக்கு வெளியே தெல்மா, தப்பி ஓடும் கோழியைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி இரண்டு கையையும் விரித்துக் குனிந்து நின்றாள். ஆனால் உள்ளே வரவில்லை.

மறுபடி அமுக்கினார். எழுந்தார். மேசை விளிம்பு, அலமாரி, சுவர் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, காலை இழுத்துக்கொண்டு அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தார். தண்ணீர் குமுறிக்கொண்டிருந்தது.

“போச்சு,” என்றார். “கோழி இறகு பிடுங்கத்தான் ஆகும் இது. உனக்கு இந்த வயசுல தண்ணி சுட வைக்கக்கூட வரலையா?”

“வரலை.”

“இனிமே கெட்டில் பக்கமே நீ வராதே.”

“வரலை கெழவா.”

அவர் அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, புதிதாகப் பிடித்து வைத்தார். தெல்மாவை நம்பி உட்கார மனமில்லாமல், மேடையில் இடது கையை ஊன்றிக்கொண்டு கெட்டிலையே முறைத்தபடி நின்றார். தான் நிற்பதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. கோபத்தில் இருந்தார்.

இப்போது காலையில் எழுகிறார், மதியம் எழுகிறார், சாயங்காலமும் எழுகிறார். கிளப்பில் ஆள் ஆளாகப் பிடித்து உட்கார வைத்துச் சொல்கிறார்: தெல்மாவுக்குப் புத்தி தளர்ந்துவிட்டது, இந்த உடம்பை வைத்துக்கொண்டு தானே எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று. நில்சன் கண் கலங்கி விசாரிக்க வந்தார்.

“ஆமா, பாவம், அவருக்குத்தான் எவ்வளவு கஷ்டம்,” என்றாள் தெல்மா, முதுகுக்கு வெந்நீர்ப் பை கொடுத்து, படுத்தபடியே.