மூச்சுப்பிடியாரும் ஜன்னல் மலையும்

மூச்சுப்பிடியாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது ஞாபகத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. காலையில் வெள்ளைக் கோட்டை மாட்டியதிலிருந்து சாயங்காலம் கழற்றும்வரை அவர் வாயில் வருவது இரண்டே பேச்சுதான். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க." அப்புறம், "மூச்சை விடலாம்." இதைச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நர்ஸுகள் மரியாதைக்காக ஓர் 'ஆர்' சேர்த்துவிட்டார்கள். மனிதருக்கு அதில் வருத்தமே இல்லை, உள்ளூரச் சந்தோஷம்தான்.

தொழில் பெருமை கொஞ்சம் கூடுதல். மனிதனின் உள்ளே இருக்கிற எலும்பையே படம் பிடிக்கிறவனுக்கு வெளியே இருக்கிற மூக்கும் முழியும் எம்மாத்திரம் என்று சொல்லிக்கொண்டு திரிவார். இப்படிப் பேசுகிறவர்களைக் காலம் சும்மா விடுவதில்லை. அவரையும் விடவில்லை.

அவர் மனைவி தையல்காரி. மூன்றாவது மாடியில் குடியிருப்பு. கூடத்தின் ஒரே பெரிய ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின். மிஷினுக்குப் பக்கத்தில் நூல்கண்டுகள் நிறைந்த பிஸ்கட் டப்பா, சாக்பீஸ் துண்டுகள், தைத்து முடித்ததும் முடிக்காததுமாக இரண்டு துணிக்குவியல். ஜன்னலுக்கு வெளியே, வீட்டுக் கூரைகளுக்கெல்லாம் அப்பால், ஒரு மலை. பெரிய மலை என்று சொல்லிவிட முடியாது. படுத்திருக்கிற மாடு போல ஒரு பக்கம் திமிலோடு கிடக்கும். ஒவ்வொரு தையல் முடிந்ததும் அவள் தலையைத் தூக்கி அந்தத் திமிலைப் பார்ப்பாள். கிட்டத்திலேயே பார்த்துக் களைத்த கண்ணுக்கு அந்தத் தூரம்தான் மருந்து. நீலத்தில் எந்த நீலம் என்று சந்தேகம் வந்தாலும் நூலை அந்த ஜன்னல் வெளிச்சத்தில் காட்டித்தான் முடிவு செய்வாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கும் மலைக்கும் இந்தப் பழக்கம்.

எதிர் மனையில் கட்டடம் எழும்ப ஆரம்பித்தது அந்த வருஷம்தான். முதலில் பள்ளம், பிறகு தூண், பிறகு ஒவ்வொரு மாடியாகச் செங்கல் சுவர். இரண்டாவது மாடி முடிந்தபோது மலையின் கால் மறைந்தது. மூன்றாவது மாடிக்குச் சாரம் கட்டியதும் கணக்குப் போட எதுவும் மிச்சமில்லை, மாடு முழுசாகப் போகப்போகிறது.

அவள் யாரையும் திட்டவில்லை. அடுத்தவன் இடம், அடுத்தவன் வீடு. ஒரு நாள் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்.

"சுவர் வந்தா வரட்டும். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. மிஷின் தெரியணும், நான் தெரியணும், மலையும் தெரியணும். அதை மாட்டி வச்சுக்கிட்டுத் தச்சிடுவேன்."

அவள் வாய்விட்டுக் கேட்டவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூச்சுப்பிடியாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இவ்வளவுதானா என்று போனை எடுத்தார். பழைய போன். மலை தெரிகிற மாதிரி எடுத்தால் அவளும் மிஷினும் கரிக்கட்டை. அவள் தெரிகிற மாதிரி எடுத்தால் ஜன்னல் சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. மலை எங்கே என்று கேட்டாள். அந்த வெள்ளைக்குப் பின்னால் இருக்கிறது என்றார். அவள் மிஷினை மிதித்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நம்மவர் அன்று முழுவதும் போனைக் குறை சொன்னார்.

மறுநாள் மைத்துனனின் கடைக்குப் போனார். மனைவியின் தம்பி, போன் ரிப்பேர் செய்பவன், கூடவே கல்யாணங்களுக்குப் போட்டோவும் எடுப்பான். மாமாவைக் கிண்டல் செய்ய அவனுக்கு உரிமை உண்டு, அந்த உரிமையை அவன் ஒருநாளும் வீணாக்கியதில்லை. எலும்பு நிபுணர் என் கடை வாசலை மிதித்தாரே என்று ஆரம்பித்து, போதுமான அளவு சிரித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான்.

"இதுக்கு எச்.டி.ஆர்.னு பேரு மாமா. ஒரே காட்சியை மூணு தடவை எடுக்கணும். ஒண்ணு இருட்டா, ஒண்ணு நடுத்தரமா, ஒண்ணு வெளிச்சமா. இருட்டுப் படத்துல மலை நல்லாயிருக்கும், வெளிச்சப் படத்துல அக்கா நல்லாயிருப்பா. கம்ப்யூட்டர்ல மூணையும் சேர்த்தா எல்லாமே தெரியும். ஆனா மூணு தடவையும் எதுவும் அசையக் கூடாது."

அசையக் கூடாது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மூச்சுப்பிடியார் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. அது அவருக்குக் கைவந்த கலை அல்லவா. மைத்துனன் தன் பழைய கேமராவையும், அதை நிறுத்த மூன்று கால் ஸ்டாண்டையும், தீப்பெட்டி அளவு ரிமோட் ஒன்றையும் கொடுத்தான். ரிமோட்டை ஒரு தடவை அழுத்தினால் கேமரா தானாகவே அடுத்தடுத்து மூன்று படம் எடுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டை நிறுத்தினார், மனைவியை மிஷின் முன் உட்கார்த்தினார், அசையாதே என்றார். ரிமோட்டைக் கையில் எடுத்ததும் விறுவிறுவென்று நடந்து சமையலறைச் சுவருக்குப் பின்னால் போய் நின்று அழுத்தினார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். எக்ஸ்ரே அறையில் பொத்தானை அழுத்தும்முன் ஈயத் தடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அவர் ரத்தத்தில் ஊறிய வழக்கம். ஆனால் நடுக்கூடத்தில் உட்காரவைத்த புருஷன் திடீரென்று ஓடினால் எந்தப் பெண்சாதிதான் திரும்பிப் பார்க்கமாட்டாள்?

படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது அவளுக்கு மூன்று முகம். ஒன்று மிஷினைப் பார்த்தது, ஒன்று கேமராவை, ஒன்று சமையலறையை. ஜன்னலுக்கு வெளியே சாரத்தில் நின்ற கொத்தனாரும் மூன்று பேராகிவிட்டார். ஒருவர் குனிந்திருந்தார், ஒருவர் செங்கல்லை எடுத்தார், ஒருவர் வைத்தார், மூன்று பேரும் பாதிப் புகையாக.

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "பார்த்தீங்களா, மூணு பேர் சேர்ந்து கட்டுறாங்க. அதான் சுவர் இவ்வளவு சீக்கிரம் ஏறுது."

அடுத்த தடவை உஷாரானார். ஓடினாலும் அவள் திரும்பாதபடி, சுவருக்குப் பின்னாலிருந்து ஆஸ்பத்திரிக் குரலில், "மூச்சை இழுத்துப் பிடி!" என்றார். அவளும் இழுத்துப் பிடித்தாள். மூன்று படமும் எடுத்த பிறகு, மூச்சை விடலாம் என்று சொல்ல மட்டும் மறந்துவிட்டார். இந்தத் தடவை எதுவும் அசையவில்லை. கன்னம் உப்பி, முழி பிதுங்கி, தோள் காதுவரை ஏறி, அவள் சிலையாக இருந்தாள். அக்காவுக்குப் பல்வலியா என்று மைத்துனன் விசாரித்தான்.

அத்தோடு விட்டாரா? கம்ப்யூட்டரில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் கோடு ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து அதன் குமிழைக் கடைசிவரை இழுத்தார். மலை மயில் கழுத்து நிறத்துக்குப் போனது. அதைச் சுற்றி வெள்ளையாக ஓர் ஒளிவட்டம் வேறு. மிஷின் பொம்மைக்கடைச் சாமான் போல மின்னியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். எல்லாக் கோட்டிலும் பாதிக்குக் கீழேயே நிறுத்தப் பழகுங்கள், படம் எடுத்தது தெரியக் கூடாது, பார்த்தது மாதிரி இருக்க வேண்டும் என்றான் மைத்துனன். கிண்டலில்லாமல் அவன் சொன்ன ஒரே பேச்சு அதுதான். அதனால் மூச்சுப்பிடியார் அதை மனதில் வைத்துக்கொண்டார்.

இதற்குள் சுவர் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் திமில் மட்டும்தான் மிச்சம். அவர் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்டாண்டை விரித்தார். வெளியே சாரத்தில் கொத்தனார் கலவையைப் பரப்பிக்கொண்டிருந்தார். இரண்டு கட்டடத்துக்கும் நடுவே கையெட்டாத தூரம், பேச்செட்டுகிற தூரம். மூச்சுப்பிடியார் ஜன்னலில் தலையை நீட்டி விஷயத்தைச் சொன்னார். ஒருவரே மூன்று பேரான படத்தையும் காட்டினார். கொத்தனார் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, இப்படி மூன்று பேராக இருந்தால் மேஸ்திரி மூன்று சம்பளமா தரப்போகிறார் என்று சிரித்தார். பிறகு கரண்டியைக் கலவைச் சட்டியில் குத்தி வைத்தார்.

"நான் டீ குடிச்சிட்டு வர்றேன். வர்றவரைக்கும் மலை உங்களோடது. மெதுவாத்தான் குடிப்பேன், கவலைப்படாதீங்க."

மூச்சுப்பிடியார் அவசரமாக ரிமோட்டைக் கையில் எடுத்தார். இதைவிட்டால் இனி இல்லை. அவளை உட்காரச் சொன்னார். அவள் முடியை ஒதுக்கினாள், முதுகை நிமிர்த்தினாள், பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவள் போல விறைத்தாள். முகத்தைச் சாதாரணமாக வை என்றார். சாதாரணமாக வைக்கப் பார்த்ததில் இன்னும் கெட்டது. கீழே டீக்கடை வாசலில் கொத்தனாரின் மஞ்சள் தொப்பி தெரிந்தது. தம்ளர் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கே அலுத்துவிட்டது. "என்னால ஆகலைங்க. பட்டன் தைக்கிற வேலை கிடக்கு, நான் அதைப் பார்க்கிறேன். வந்தா வரட்டும்" என்று ஊசியை எடுத்தாள்.

நூலின் நுனியை உதட்டில் ஈரப்படுத்தினாள். ஊசியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். காதைத் தேடி ஒரு கண்ணைச் சுருக்கினாள். அவ்வளவுதான், அவள் அப்படியே உறைந்துபோனாள். கை அசையவில்லை, தோள் அசையவில்லை, மூச்சும் தானாகவே நின்றிருந்தது. யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

மூச்சுப்பிடியாரின் கால் வழக்கம்போலச் சமையலறைப் பக்கம் திரும்பியது. திரும்பின காலை அவர் இழுத்துக்கொண்டார். இத்தனை வருஷத் தொழிலில் படம் விழுகிற நொடியில் அவர் ஒரு முகத்தையும் நேருக்கு நேர் பார்த்ததில்லை, எப்போதும் தடுப்புக்குப் பின்னால்தான். இந்த ஒரு தடவை இருந்த இடத்திலேயே நின்று, அவளைப் பார்த்துக்கொண்டே ரிமோட்டை அழுத்தினார். கேமரா மூன்று முறை சத்தம் போட்டது. நூல் காதில் நுழைந்தது. அவள் கையைக் கீழே இறக்கினாள்.

கொத்தனார் வந்து கரண்டியை எடுத்தார். மத்தியானத்துக்குள் திமிலும் போய்விட்டது. கூடத்தில் அன்றைக்கு முதல் தடவையாகப் பகலில் ட்யூப்லைட் போட்டார்கள். அது அவர்களுக்கு என்னவோ போலத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்வானேன்.

மூச்சுப்பிடியார் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மூன்று படத்தையும் சேர்த்தார். ஒரு கோட்டையும் பாதியைத் தாண்ட விடவில்லை. மைத்துனன் அதைப் பெரிதாக அச்சுப்போட்டு, சட்டம் அடித்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். மாமாவைப் பார்த்ததும் கிண்டல் செய்ய வாயைத் திறந்தவன், திறந்த வாயை மூடிக்கொண்டு படத்தை அக்கா கையில் கொடுத்தான்.

அவள் அதை மிஷின் மேல் சாய்த்து வைத்துப் பார்த்தாள். வெளியே வெயிலில் மலைத் திமில், அதன் மேல் ஒரு மேகத்துண்டுகூடத் தெளிவாக இருந்தது. உள்ளே பிஸ்கட் டப்பாவில் ஒவ்வொரு நூல்கண்டும் அதனதன் நிறத்தில். நடுவே அவள், தூக்கிப் பிடித்த ஊசியோடு. விரலால் மலையைத் தொட்டாள். பிறகு அந்த விரல் மெல்ல நகர்ந்து படத்திலிருந்த முகத்துக்கு வந்து நின்றது. மூச்சுப்பிடியார் சுவரோரமாக விறைத்து நின்றார்.

"மலை நான் தினமும் பார்த்ததுதான். அப்படியே வந்திருக்கு" என்றாள். "ஊசி கோக்குறப்ப நான் இப்படியா இருப்பேன்? இவளை நான் பார்த்ததே இல்லையே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கன்னம் உப்பி, முழி பிதுங்கி, தோள் காதுவரை ஏறி நின்றிருந்தார் மனிதர்.

"நல்லாயிருக்குங்க" என்றாள் அவள். "மூச்சை விடலாம்."