ஆலத்தூர் மாடுகளும் என் மாமனாரும்

எழுபதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதத்தில், மலையாள தேசத்துச் சித்தூரிலிருந்து பக்கத்துப் பெருமாட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குள் நான் கெட்டிக்காரியிலிருந்து ஒன்றும் தெரியாதவளாக மாறிப்போனேன். அப்பாவுக்குச் சித்தூரில் மளிகைக்கடை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கடையில் வருகிறவர் எதைப் பேசுகிறாரோ அது. மாடு என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம், கடை வாசலில் தொங்கும் வாழைத்தாரை எட்டி இழுக்கும் தெருமாடுகள்தான். புகுந்த வீட்டிலோ காலையில் கண் விழித்தால் மாடு, கண் மூடும்வரை மாட்டைப் பற்றிய பேச்சு.

கால்வாய்த் தண்ணீர் பாயும் வயல் கொஞ்சம், மேட்டுக்காட்டில் நிலக்கடலை, வரப்போரமெல்லாம் தென்னை. வீட்டில் மாமனார், அத்தை, என் கணவர், நான். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் வருவார்கள். உழவை மட்டும் மாமனார் யார் கையிலும் விடமாட்டார். மற்றவர் உழுதால் சால் கோணிப்போகும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அவர் உழுதாலும் சில இடங்களில் கோணும். அதற்குக் காரணம் மண்.

அவருக்கு இன்னொரு உறுதியும் உண்டு. மலையாளம் பேசமாட்டார். கேட்டால் முழுக்கப் புரியும், பேசினால் மட்டும் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதுபோல இருப்பார். வில்லேஜ் ஆபீசில் அதிகாரி மலையாளத்தில் கேட்பார், இவர் தமிழில் பதில் சொல்லுவார். இரண்டு பேருக்கும் எல்லாம் புரியும், இரண்டு பேரும் இறங்கி வரமாட்டார்கள். அப்படியே வருஷக்கணக்காக வரி கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் ஆனி மாதம் எங்கள் உழவு மாடுகளில் ஒன்றுக்குக் கால் முறிந்துவிட்டது. கால்வாயில் தண்ணீர் விடும் நாள் நெருங்கிவிட்டது. மாமனாரும் என் கணவரும் அவசரமாக மாட்டுச்சந்தைக்குப் போய், ஆலத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர் கொண்டுவந்திருந்த ஜோடியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வெள்ளை மாடுகள், நல்ல உடல்கட்டு. மாமனார் பல்லைப் பார்த்தாராம், சுழி பார்த்தாராம், வாலைத் தூக்கிப் பார்த்தாராம், நடக்கவிட்டுப் பார்த்தாராம். சந்தையில் விலை பேசுவது துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தானே. அதனால் அவர் ஒரு வார்த்தை மலையாளம் பேசாமல் மாட்டை வாங்கிவிட்டார். அந்த மாடுகள் எந்த மொழி கேட்டு வளர்ந்தவை என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

முதல்நாள் ஏர் பூட்டியபோதே தகராறு. எங்கள் பக்கத்தில் நாக்கைச் சொடுக்கி "ஹேய்" என்றால் மாடு நடக்கும், "ஓஓ" என்றால் நிற்கும். இவை "ஹேய்" என்றால் நின்று யோசித்தன. "ஓஓ" என்றால் ஏதோ நல்ல சேதி வந்ததுபோல வேகமாக நடந்தன. ஒருதரம் கலப்பையோடு வரப்பேறி, அடுத்த காட்டுக்காரர் தென்னைக்கடியில் போய் நின்றன. மாமனார் கலப்பையை விடாமல் பின்னாலேயே போனார்.

"நல்ல மாடு புடிச்சாந்தீங்க போங்க. யாரு கண்ணோ பட்டிருக்குது" என்று சொல்லி அத்தை மிளகாய் சுற்றிப் போட்டார்.

"புது எடம். ரெண்டு நாள் போனாப் பழகிக்கும்" என்றார் மாமனார்.

என் கணவர் நுகத்தடியைக் கழற்றி, இழைத்து, மறுபடி மாட்டினார். மாடுகள் இழைத்த நுகத்தடியோடு வரப்பேறின.

மூன்றாம் நாள் காலை, தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு நான் வயலுக்குப் போனேன். குறுகலான வரப்பு. எதிரே ஏரை இழுத்துக்கொண்டு இரண்டு வெள்ளை மாடுகளும் நேராக என்னைப் பார்த்து வருகின்றன. பின்னால் மாமனார் "ஓஓ, ஓஓ" என்று கத்திக்கொண்டு வருகிறார். ஒதுங்க இடமில்லை. சின்ன வயதில் கடை வாசலில் தெருமாட்டை மலையாளத்தில் அதட்டிய பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"நில்லெடா அவிடெ" என்றேன்.

இரண்டும் நின்றன. ஆணி அடித்ததுபோல நின்றன.

மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அம்மிணி, இப்ப என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லைங் மாமா. பயத்துல வாய்க்கு வந்துருச்சுங்."

"அதில்ல. இப்ப நடக்கறதுக்குச் சொல்லு பாக்கலாம்."

எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. கல்யாணமாகி ஒன்றரை மாதம். மாமனார் முன்னால் நான் அதுவரை குரலை உயர்த்தியதில்லை, சோறு வேண்டுமா என்று கேட்பதுகூட அத்தை மூலமாகத்தான். அவர் மாடுகளுக்குப் பின்னால் கலப்பையைப் பிடித்து நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "நடக்கெடா" என்றேன்.

மாடுகள் நடந்தன. மாமனாரும் நடந்தார்.

அன்றிலிருந்து எனக்கு வயலில் உத்தியோகம். என் கணவருக்கும் மலையாளம் நன்றாகத் தெரியும். ஆனால் அப்பா கலப்பை பிடித்திருக்கும்போது "எடா" போட அவருக்குத் தைரியம் வரவில்லை. மேட்டுக்காட்டில் கடலை விதைப்பு காத்திருக்கிறது என்று சொல்லி நழுவிவிட்டார். அந்தக் கடலை விதைப்பு அந்த வருஷம் முடியவே இல்லை.

ஆனி ஆடியில் எங்கள் பக்கம் மேல்காற்று பேயாக அடிக்கும். கிழக்கு வரப்பில் நின்று கத்தினால் என் குரல் கோயமுத்தூருக்குப் போகுமே தவிர மாட்டுக்குப் போகாது. இரண்டு நாள் தொண்டை கட்டிய பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. அப்புறம் மேற்கு வரப்பில் போய் நின்றுகொண்டேன். சாரல் முதுகில் அடிக்கும், முந்தானை தலைக்கு மேலே பறக்கும், காற்று என் "நடக்கெடா"வை வாங்கிக்கொண்டுபோய் மாட்டின் காதில் போடும். திருப்பத்தில் "திரியெடா". வரப்பு வந்தால் "நில்லெடா". சேற்றில் மாமனார் வாயே திறக்காமல், முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு வருவார். பார்க்கிறவர்களுக்கு நான் அவரைத்தான் ஓட்டுகிறேன் என்று தோன்றும்.

பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு அப்படித்தான் தோன்றியது. அவர்களில் வயதான ஒருவர் நிமிர்ந்து, "ஏனம்மிணி, உன்ற மாமனாரச் சித்தெ மெதுவா ஓட்டு. வயசானவரு" என்றார். அந்த வரிசையே குனிந்த வாக்கில் குலுங்கியது. மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

ஆடி பிறந்தது. கல்யாணமான முதல் வருஷம் பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போவது வழக்கம். என் அப்பா சித்தூரிலிருந்து பழம், வெற்றிலை, புதுச் சேலையோடு வந்து இறங்கினார். சம்பந்திகள் இரண்டு பேரும் நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து, மழையைப் பற்றியும் தேங்காயைப் பற்றியும் ரொம்ப நேரம் மரியாதையாகப் பேசினார்கள்.

"புள்ளையை ஆடிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார் அப்பா.

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. உழவு முடிஞ்சு ஒரு பத்து நாள் போவட்டுங்க" என்றார் மாமனார்.

"உழவுக்கும் என்ற புள்ளைக்கும் என்னுங்க?"

மாமனார் துண்டை எடுத்து மடித்தார். பிறகு பிரித்து மறுபடி மடித்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "மாட்டுக்குத் தமிழ் தெரியாதுங்க. உங்க மகதான் வரப்புல நின்னு சொல்லிக் குடுத்துட்டிருக்கறா."

அப்பா என் காலைப் பார்த்தார். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. சித்தூரில் மழை பெய்தால் வாசலுக்கே வராத பெண் நான்.

"ஏரு ஓட்டறயா நீயி?"

"இல்லீங்ப்பா. பேசறதோட சரிங்."

அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு மறுபடி என் காலைப் பார்த்தார். அந்தப் பார்வை மாமனாரை ரொம்பக் கூச வைத்துவிட்டது. எழுந்து நின்று, "போயிட்டு வா அம்மிணி. மாட்டை நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கட்டுத்தரையிலிருந்து கூப்பிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் அப்பா நிற்கிறார். மாமனார் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த வார்த்தையை எல்லாம் ஒருக்காச் சொல்லிட்டுப் போ."

சொன்னேன். மெல்ல, வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டினார். "எடா கிடாங்கறதெல்லாம் நம்மளுக்கு ஆகாது. நம்மளுக்குச் சோறு போடற சீவன்."

"அப்பறம் எப்படிங் மாமா சொல்லுவீங்க?"

"அத நான் பாத்துக்கறேன். நீ பஸ்ஸுக்குப் போ."

சித்தூரில் ஆடிப் பதினெட்டுவரை இருந்தேன். அம்மா நெய்யும் பருப்புமாகப் போட்டார். அப்பா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். எனக்கு எட்டாவதில் மலையாளம் எடுத்த டீச்சர் சர்க்கரை வாங்க வந்தபோது என்னைப் பார்த்து, "எந்தா, காளகளொக்கெ பாஸாயோ?" என்று கேட்டார். காளைகளெல்லாம் பாஸாகிவிட்டனவா என்று. நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். உள்ளுக்குள் கவலைதான். மேல்காற்று அடிக்கும்போதெல்லாம், இப்போது எந்தத் தென்னைக்கடியில் நிற்கிறாரோ என்று நினைத்துக்கொள்வேன். நான் இல்லாமல் உழவு நின்றுபோயிருக்கும் என்றே நம்பினேன். அப்படி நம்புவது எனக்குப் பிடித்தும் இருந்தது.

என் கணவர் வந்து அழைத்துப் போனார். ஊர் எல்லையில் பஸ் திரும்பியதுமே தெரிந்தது, எங்கள் வயல் முழுக்க நட்டு, பச்சை பிடித்து நிற்கிறது. வீட்டை நெருங்கும்போது மாமனார் வண்டியில் எரு ஏற்றிக்கொண்டு எதிரே வந்தார். எங்களைக் கண்டதும் மாடுகளைப் பார்த்து, "நில்லுங்க அவிடெ" என்றார். மாடுகள் நின்றன. என்னிடம் "வா அம்மிணி. சம்பந்தி சௌக்கியமா?" என்று கேட்டார். பிறகு "நடங்க" என்றார். மாடுகள் நடந்தன.

"மொத ரெண்டு நாள் முளிச்சுதுக. அப்பறம் பழகிக்கிச்சு" என்றார் அத்தை. "மனுசன் என்னையக்கூட வாங்க போங்கன்னு சொன்னதில்ல. மாட்டுக்கு ஆன மருவாதையப் பாத்தியா?"

அன்று சாயங்காலம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கட்டுத்தரைக்குப் போனேன். வைக்கோலை இழுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்த மாட்டிடம் "நில்லெடா" என்றேன். அது தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிற்காமல் தீவனத்தொட்டிவரைக்கும் போனது. பதினெட்டு நாள் மரியாதையில் அதற்குக் குணமே மாறியிருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டில் என்னால் உருப்படியாக ஆன ஒரே வேலை அது. அதையும் அவர் பிடுங்கிக்கொண்டுவிட்டார் என்று தோன்றியது.

அடுத்த வாரம் களையெடுக்கப் போனேன். கோரைக்கும் நெல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு முழத்துக்கு நெல்லையே பிடுங்கிப்போட்டேன். அத்தை வந்து பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றார். திட்டவில்லை. பிடுங்கியதை எல்லாம் திரும்ப நட்டுவிட்டு, தாளைப் பிளந்து, தண்டின் அடியைத் தடவிப் பார்க்கச் சொன்னார். கோரைத் தண்டு மூன்று பட்டையாக இருந்தது. அதன் பிறகு தவறவில்லை.

புரட்டாசிக் கடைசியில் அறுப்பு. கதிரை அடித்து முடித்த பிறகு, வைக்கோலில் ஒட்டியிருக்கும் நெல் உதிர்வதற்காகக் களத்தில் பரப்பி, மாடு கட்டிச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். தாம்பு ஓட்டுவது என்று சொல்லுவோம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது, ஆள் போதவில்லை. மாமனார் நெல்லை மூட்டை பிடிக்கப் போகவேண்டும். கயிற்றை என் கையில் கொடுத்தார். "உன்ற மாடுதானே. ஓட்டு."

உச்சிப்பொழுதுவரை ஓட்டினேன். "நடங்க, நடங்க" என்று சொல்லித்தான் ஓட்டினேன். மழை வருவதற்குள் நெல் வீட்டுக்குள் வந்துவிட்டது. கால் இரண்டும் வைக்கோல் கிழித்து எரிந்தன. அத்தை வெந்நீர் வைத்து ஊற்றினார். நான் தலையைத் துவட்டாமலே பாயில் விழுந்து தூங்கிப்போனேன்.